மூடியும் தேக்கமும் ஒரே கடலிலிருந்து

எண்ணெய்க் கிணறு தோண்டும் தளத்தில் புவியியலாளராக இருப்பவருக்கு, சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைக் கழுவிப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் சட்டென்று நுரைத்துப் பொங்கும். மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் பாறையான டோலமைட் நிதானமாகத்தான் நுரைக்கும், அதையும் பொடித்தால்தான் சரியாகத் தெரியும். நீரற்ற கால்சியம் சல்பேட்டான அன்ஹைட்ரைட் அசையாமல் கிடக்கும். இந்த மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

சவுதி அரேபியாவின் கவார் எண்ணெய் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் கண்டுபிடிக்கப்பட்டது, நீளம் சுமார் 280 கிலோமீட்டர். துளைகளில் எண்ணெயைத் தாங்கும் அதன் முக்கியத் தேக்கப்பாறையான அரப்-டி (அரப் என்கிற அடுக்குத்தொகுதியின் கீழ்ப்பகுதி), ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் படிந்தது. அலைகள் நுண்சேற்றை அரித்துக்கொண்டு போன இடங்களில் சிப்பித் துண்டுகளும் ஊயிட் எனப்படும் உருண்டையான சுண்ணாம்பு மணிகளும் தங்கின. அதன்மேல் அன்ஹைட்ரைட். அப்புறம் மறுபடி சுண்ணாம்பு, மறுபடி அன்ஹைட்ரைட். இப்படி டி, சி, பி, ஏ என்று மேல்நோக்கிப் போய், கடைசியில் ஹித் என்கிற தடித்த அன்ஹைட்ரைட் அடுக்கு வருகிறது. கீழே கரிமப்பொருள் நிறைந்த சுண்ணாம்புச் சேற்றுப் பாறையில் உருவான எண்ணெய் மேலேறி வந்து, இந்த அடுக்குகளுக்குக் கீழே தங்கிவிட்டது.

அன்ஹைட்ரைட்டை வெறும் மூடியாக மட்டும் பேசுவது வழக்கம். என்னால் அதை ஏற்க முடிவதில்லை. கடல்நீர் ஆவியாகும்போது முதலில் சுண்ணாம்பு போன்ற கார்பனேட் படியும். மூன்று நான்கு மடங்கு செறிவானதும் ஜிப்சம் (நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்; ஆழத்தில் புதையும்போது நீரை இழந்து அன்ஹைட்ரைட் ஆகும்), பத்து மடங்கை நெருங்கும்போது கல்லுப்பு. ஜிப்சம் படியும்போது நீரிலுள்ள கால்சியத்தை எடுத்துக்கொள்வதால், மிஞ்சிய உப்புநீரில் மக்னீசியத்தின் விகிதம் கூடுகிறது. அந்தக் கனத்த நீர் அடியிலுள்ள சுண்ணாம்புக்குள் இறங்கி, அதை டோலமைட்டாக மாற்றக்கூடும். நல்லபடியாக நடந்தால் படிகங்களுக்கு இடையே ஒன்றோடொன்று இணைந்த துளைகள் கிடைக்கும். அதே உப்புநீர், அதே துளைகளுக்குள் அன்ஹைட்ரைட்டைப் படியவைத்து அடைத்துவிடவும் செய்யும். தேக்கத்தை உருவாக்குவதும் கெடுப்பதும் மேலே இருக்கிற அந்த அடுக்குதான்.

இதெல்லாம் ஊகம் இல்லை. அபுதாபி கடற்கரையின் சப்காக்கள் எனப்படும் உப்புச் சமவெளிகளில் ஜிப்சமும் அன்ஹைட்ரைட்டும் டோலமைட்டும் இன்றும் உருவாகின்றன. 1960-களில் ஆய்வாளர்கள் அங்கே குழி தோண்டிப் பார்த்தபோது, சேற்றுக்குள்ளேயே அன்ஹைட்ரைட் முடிச்சுகள் வளர்ந்து, சேற்றை ஓரமாக நெருக்கித் தள்ளுவது தெரிந்தது. கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுக்கும் பழைய பாறைக் கோர்களில் கோழிக்கூண்டுக் கம்பிவலை போலத் தெரிகிற அமைப்பு அப்படி வந்ததுதான்.

ஆய்வகத்தில் பாறைக்குள் நீலச் சாயம் கலந்த பிசினை ஏற்றி, மெல்லிய சீவலாகத் தேய்த்துப் பார்ப்போம். துளைகள் நீலமாகத் தெரியும். அலிசரின் சாயம் பூசினால் கால்சைட் சிவக்கும், டோலமைட் நிறம் மாறாது. ஊயிட் மணிகள் கரைந்துபோன பாறையில் வட்ட வட்டமாக நீலம், பார்க்கவே அழகாக இருக்கும். துளைமை, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 25 சதவீதம் என்று லாக் (கிணற்றுக்குள் இறக்கிய கருவியின் பதிவு) காட்டும். ஆனால் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இணைப்பு இல்லையென்றால் எண்ணெய் நகராது. 12 சதவீதத் துளைமை கொண்ட, சர்க்கரை போன்ற டோலமைட்டையே நான் நம்புவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதிக ஆழத்தில், வெப்பம் கூடிய இடத்தில், அன்ஹைட்ரைட்டிலுள்ள சல்பேட்டும் ஹைட்ரோகார்பன்களும் வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகிறது. சிறிதளவே சுவாசித்தாலும் உயிரைப் பறிக்கும் வாயு அது. ஆழமான கார்பனேட் அடுக்கை நெருங்கும்போது உணர்கருவிகளும் சுவாசக் கருவிகளும் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்காமல் நான் நகரமாட்டேன்.

கோர் எடுப்பது செலவு பிடித்த வேலை, அதனால் தேக்கப்பாறையில் மட்டும் எடுத்தால் போதாதா என்று துரப்பணப் பொறியாளர்கள் கேட்பது நியாயம்தான். நான் மேலேயுள்ள அன்ஹைட்ரைட்டிலும் சில மீட்டர் கேட்பேன். அந்த எல்லைக்கோடு முழுசாகக் கையில் கிடைத்தால்தான், கீழே துளைகள் ஏன் ஓரிடத்தில் திறந்தும் ஓரிடத்தில் அடைபட்டும் இருக்கின்றன என்று பக்கத்துக் கிணற்றுக்கும் சேர்த்துச் சொல்ல முடியும்.