பட்டுப் பாதையைப் பொருட்பட்டியலாகப் படிக்காதீர்கள்: ஒரு தேர்வு அனுபவம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துப் படித்த முதல் ஆண்டில், பட்டுப் பாதையை நான் ஒரு பொருட்பட்டியலாகவே மனத்தில் வைத்திருந்தேன். சீனத்திலிருந்து பட்டு, ரோமிலிருந்து கண்ணாடி, இந்தியாவிலிருந்து தந்தமும் பருத்தித் துணியும் என்று மாதிரித் தேர்வில் வரிசையாக எழுதி, பாதிக்கும் குறைவான மதிப்பெண்ணே பெற்றேன். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் ஒரு கேள்வியை மட்டும் எழுதியிருந்தார்: "இவை போய்ச் சேர்ந்ததால் எது மாறியது?"

அக்கேள்வியோடு மீண்டும் படித்தபோது, இந்தக் கதை பட்டில் அன்றி, ஒரு பகையில் தொடங்குவதைக் கண்டேன். சீனத்தின் வட எல்லையை அலைக்கழித்த சியோங்னு என்னும் நாடோடிகள், இன்றைய கான்சு பகுதியில் வாழ்ந்த யூசி மக்களை மேற்கே விரட்டினர். அந்த யூசிகளைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள விரும்பிய ஹான் பேரரசர் வூ, கி.மு. 138-இல் சாங் சியானைத் தூதராக அனுப்பினார். நூறு பேருக்குக் குறையாத குழுவோடு புறப்பட்ட அவர், வழியில் சியோங்னுவிடம் சிக்கிப் பத்தாண்டுகள் அவர்கள் பிடியில் இருந்து, பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அக்குழுவில் எஞ்சியவர் ஒருவரே. கூட்டணி கைகூடவில்லை. ஆனால் நடு ஆசியாவின் பெர்கானா பள்ளத்தாக்கில் இருந்த உயர்ந்த குதிரைகளைப் பற்றிய செய்தியை அவர் கொண்டுவந்தார். பாக்ட்ரியாவில் (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) தென்மேற்குச் சீனத்தின் மூங்கில் தடிகளையும் துணியையும் கண்டதாகவும், அவற்றை இந்தியாவில் வாங்கியதாக அங்குள்ளோர் கூறியதாகவும் அவர் அரசரிடம் தெரிவித்தார். தூதர் போவதற்கு முன்பே சரக்கு கைமாறிக் கைமாறிப் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. என் விடைகளில் இதைத் தவறாமல் எழுதினேன்.

விரட்டப்பட்ட அதே யூசிகளின் ஒரு பிரிவினரே பின்னாளில் குஷாணர்களாக வட இந்தியாவை ஆண்டனர். இதை உணர்ந்தபின், இந்திய வரலாற்றிலும் உலக வரலாற்றிலும் நான் தனித்தனியே படித்த இரு பகுதிகள் ஒன்றாயின. வீம காட்பீசஸ் வெளியிட்ட பொற்காசுகள், கனிஷ்கரின் காசுகளில் கிரேக்க, ஈரானிய, இந்தியத் தெய்வங்களோடு புத்தரும் இடம்பெற்றது, இன்றைய ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் ரோமானியக் கண்ணாடியும் சீன அரக்குப் பொருள்களும் இந்தியத் தந்தச் சிற்பங்களும் ஒரே இடத்தில் கிடைத்தது ஆகிய மூன்றும், வழிகள் கூடும் இடத்தை ஓர் அரசு தன் கையில் வைத்திருந்ததன் அடையாளங்கள். அவ்வழியாகவே பௌத்தமும் கிழக்கே சென்றது. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூயாங் நகரில் மகாயான நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்த லோகக்ஷேமர் யூசி வழியினர் என்பதைப் படித்தபோது, பகையில் தொடங்கிய கதை சீனத்துக்கே திரும்பி வந்ததாக உணர்ந்தேன்.

காகிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 751-இல் நடு ஆசியாவில் அரபுப் படைக்கும் சீனப் படைக்கும் நடந்த தாலஸ் போரில் சிறைப்பட்ட சீனர்களாலேயே காகிதம் மேற்கே சென்றது என்று பலரும் எழுதுகிறோம். ஆனால் வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங் அருகே 1907-இல் கிடைத்த, சமர்கண்ட் பகுதியைச் சேர்ந்த சோக்திய வணிகர்களின் கடிதங்கள் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. அவை காகிதத்தில்தான் எழுதப்பட்டுள்ளன. எனவே அப்போரை ஒரே காரணமாகக் காட்டாமல், நடு ஆசியாவில் முன்பே புழக்கத்தில் இருந்த காகிதத்தின் உற்பத்தி, அதன் பிறகு சமர்கண்டிலும் பாக்தாத்திலும் வேரூன்றியது என்று எழுதுவதே பொருத்தம்.

இரண்டாம் முறை தயாரானபோது, நாள்தோறும் ஒரு வெற்றுத் தாளில் மேற்குச் சீனத்தின் தக்லமகான் பாலைவனத்தை முதலில் வரைந்து, அதன் வடக்கிலும் தெற்கிலும் பிரிந்து கஷ்கரில் கூடும் இரு வழிகளைக் கோடிட்டுப் பழகினேன். பிறகு ஒவ்வொரு ஊருக்கும் எதிரே, அங்கு விற்ற பொருளை எழுதாமல், அங்கு மாறிய ஒன்றை மட்டும் ஒரு வரியில் எழுதினேன். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நான் திருப்பிப் பார்த்தவை அந்தத் தாள்கள் மட்டுமே.