அழுகிற கடவுள்

மார்ச் 3
மார்மன் சபையின் வேதநூல்களில் ஒன்றான ‘விலையேறப்பெற்ற முத்து’ நூலில் மோசே புத்தகம், 7ஆம் அதிகாரம். அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1830 டிசம்பரில் சொல்லி எழுதுவித்த பகுதி. ஏனோக்கு என்ற ஆதிகாலத் தீர்க்கதரிசிக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கடவுள் அழுகிறார். ஏனோக்கு திகைத்துப் போகிறார். நீர் படைத்த உலகங்களை எண்ணி மாளாதே, உம்மால் எப்படி அழ முடிகிறது என்று கேட்கிறார். கடவுள் சொல்லும் பதில்: இவர்கள் என் கைகளின் வேலை, ஒருவரை ஒருவர் நேசிக்கவும், தகப்பனாகிய என்னைத் தேர்ந்துகொள்ளவும் சொன்னேன், இவர்களோ தங்கள் சொந்த இரத்தத்தையே வெறுக்கிறார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

மார்ச் 4
பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட புராட்டஸ்டன்ட் கோட்பாட்டு ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கடவுளுக்கு உடலும் இல்லை, உணர்ச்சிகளும் இல்லை என்கிறது. ஜோசப் ஸ்மித் 1843 ஏப்ரலில் இலினாய் மாநிலத்தின் ரேமஸ் என்ற ஊரில் நேர் எதிராகப் போதித்தார்: பிதாவுக்கு மனிதருக்கு இருப்பது போலவே சதையும் எலும்புமான உடல் உண்டு. நம் ஆவிகள் நிஜமாகவே அவருடைய பிள்ளைகள் என்பதும் மார்மன் போதனைதான். அப்படியென்றால் அந்தக் கண்ணீரை உவமை என்று ஒதுக்க முடியாது. பெற்றவர் அழுகிறார், அவ்வளவுதான்.

மார்ச் 7
2003 பிப்ரவரியில் ரசல் எம். நெல்சன் சபையின் பத்திரிகையில் எழுதிய கட்டுரையை மறுபடி படித்தேன். இதய அறுவை மருத்துவராக இருந்தவர், பின்னாளில் சபையின் தலைவரானவர். தேவ அன்பு பூரணமானது, எல்லையற்றது, எல்லோருக்கும் உரியது; ஆனால் நிபந்தனையற்றது என்று சொல்வது சரியல்ல என்கிறார். கீழ்ப்படிகிறவர்களுக்கே பெரிய ஆசீர்வாதங்கள் என்பது அவர் வாதம்.

ஆசீர்வாதத்துக்கு நிபந்தனை உண்டு, சரி. அன்புக்குமா? ஏனோக்கு கண்ட காட்சியில் கடவுள் அழுவது நல்லவர்களுக்காக இல்லையே! வெள்ளத்தில் அழியப்போகிற, அவரைத் தள்ளிவிட்ட அதே ஜனங்களுக்காக. இந்த இடத்தில் எனக்கு அந்தக் கட்டுரையைவிட இந்தக் கண்ணீர்தான் பெரிய சாட்சி.

மார்ச் 9
மகன் பேசி நாற்பது நாள் ஆகிறது. இன்றும் அழைத்தேன், எடுக்கவில்லை. அவன் செய்தது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அவன் சாப்பிட்டிருப்பானா என்றுதான் முதலில் தோன்றுகிறது.

அப்புறம் அதே அதிகாரத்தின் மீதியையும் வாசித்தேன். மனிதரின் துன்பத்தைப் பார்த்து ஏனோக்கின் இருதயமும் நித்தியத்தின் அளவுக்கு விரிகிறது, அவரும் அழுகிறார். எனக்கு ஆறுதலே வேண்டாம் என்கிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் பார் என்று காட்டுகிறார்.