பிறவுணி ஏன் அப்பாவைப் பார்த்துக் குரைத்தது?

முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானில் காட்டோரமாக இருக்கிறது எங்கள் வளவு. எங்கள் நாய் பிறவுணி குட்டியாக வந்த நாளிலிருந்து படலைக்குப் பக்கத்தில்தான் படுக்கும். வீணாகக் குரைக்காது. யானை கிட்ட வந்தால் மட்டும் அடித்தொண்டையால் ஒரு மாதிரிக் குரைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு எல்லாரும் எழும்பிவிடுவோம். அப்படிப்பட்ட நாய் போன சிறுபோக நேரம் ஆளே மாறிப்போனது.

படலையை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே போய்ச் சுருண்டு கிடந்தது. தங்கச்சியின் மகன் முதுகில் கை வைத்தால் உறுமியது. அவன் தவழ்ந்த காலத்திலிருந்து அதன் காதைப் பிடித்து இழுத்து விளையாடியவன். எல்லாவற்றையும் விடக் குழப்பமான விஷயம் வேறு. பொழுதுபடும் நேரம் வயலால் வரும் அப்பாவைப் பார்த்து, யாரோ தெரியாத ஆள் வந்தது மாதிரிக் குரைத்தது. அப்பா நின்று, “என்னடா, என்னைத் தெரியேல்லையே?” என்று கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் காலடியில் நிற்கும். மறுநாளும் அதே கதைதான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யானை விரட்டும் வெடிச் சத்தத்தில் பயந்திருக்கும் என்றாள் தங்கச்சி. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் வெடிக்குப் பயந்த நாய் வெடி கேட்கும்போதுதான் ஒளியும், பட்டப்பகலில் பிள்ளையைப் பார்த்து உறுமாது. புடையன் பாம்பு ஏதும் தீண்டியிருக்குமோ என்று அப்பா பார்த்தார். முகத்திலோ காலிலோ வீக்கம் இல்லை. அம்மம்மா, “பிள்ளை, அது இருட்டில எதையோ கண்டு பயந்திட்டுது, நூல் கட்டுவம்” என்றார். பக்கத்து வளவு அண்ணைதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “விசர் பிடிச்சிருக்கும், பிள்ளையளைக் கிட்ட விடாதையுங்கோ” என்றார்.

அவர் சொன்னதைத்தான் முதலில் எடுத்தோம். நாயின் குணம் திடீரென்று மாறினால் விசர் (ரேபிஸ் நோய்) இல்லை என்று தெரியும்வரைக்கும் விசர் என்றே நினைத்து நடக்க வேண்டும். பிறவுணியைச் சங்கிலியில் கட்டினோம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தடியால் தள்ளித்தான் வைத்தோம். ஊர் முழுக்கச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது: தண்ணீர் குடித்தால் விசர் இல்லையாம். அதை நம்பவே கூடாது. விசர் பிடித்த நாயும் தண்ணீர் குடிக்கக்கூடும். இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. வாயால் வீணீர் வடிந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். விசர்க் கிருமி இருப்பதே அந்த எச்சிலில்தான். கடித்தாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது தடுப்பூசி அட்டை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பள்ளிக்கூட வளவில் ஊசி போடும்போதெல்லாம் தவறாமல் கொண்டுபோயிருக்கிறோம். குரல் மாறவில்லை, கீழ்த்தாடை தொங்கவில்லை, கல்லையும் தடியையும் கடிக்கவில்லை. விசர் என்றால் குறிகள் தொடங்கிப் பத்து நாளுக்குள்ளேயே பெரும்பாலும் நாய் செத்துவிடும். பிறவுணியோ அதே மந்தத்தில் கிடந்தது, அதற்கு மேல் மோசமாகவில்லை.

தங்கச்சியின் மகனுடைய பழைய கொப்பி ஒன்றில் நான் எழுதத் தொடங்கினேன். எப்போது உறுமுகிறது, யாரைப் பார்த்து, எந்தப் பக்கத்தால் போனால், என்ன சாப்பிட்டது என்றெல்லாம். எழுதியதைச் சேர்த்துப் படித்தபோதுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பேசிக்கொண்டு போனால் உறுமல் இல்லை. சத்தம் இல்லாமல் பக்கவாட்டால் போனால்தான் உறுமல். அப்பாவைப் பார்த்துக் குரைப்பது மங்கல் வெளிச்சத்தில் மட்டும். மத்தியானம் வந்தால் குரைப்பதில்லை. குந்தில் பாய்ந்து ஏறுகிற நாய் இப்போது கீழே நின்று யோசித்துவிட்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது.

மறுநாள் காலமை, வெயில் முகத்தில் விழும்படி நின்றபோது எட்ட நின்று அதன் கண்களைப் பார்த்தேன். மண்ணிறக் கண்மணிக்கு மேல் நீலம் பாய்ந்த, புகார் மாதிரி ஒரு படலம். இடது கண்ணில் கூடுதலாக. அதற்கு ஆட்கள் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். குரல் கேட்ட பிறகே அப்பாவை அடையாளம் கண்டிருக்கிறது. பாவம், எங்களைப் பார்த்துக் குரைக்கிற அளவுக்கு எவ்வளவு பயந்திருக்கும்!

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். கொப்பியை டொக்டரிடம் கொடுத்தேன். வரிவரியாக வாசித்தார். தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, வாயைக் கட்டச் சொல்லி, கையுறை போட்டுக்கொண்டு உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல் முரசு வெளிறிப்போய், அதில் ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். காதின் உள்மடிப்பிலும் கால் விரல்களுக்கு இடையிலும் உண்ணி. காய்ச்சல் 104 பாகை. நாய்க்கு 102.5 வரைக்கும் சாதாரணம். “உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கும், வவுனியாவில இரத்தம் சோதிச்சுக்கொண்டு வாங்கோ” என்றார்.

மாங்குளம் போய் ஏ9 வழியாக வவுனியா. அங்கே இரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா என்று வந்தது. டெங்குக்குப் பார்க்கிற அதே பிளேட்லெட் நன்றாக இறங்கியிருந்தது. மண்ணிற நாய் உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போகிற கிருமிதான் எர்லிக்கியா. வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து காய்ச்சலைக் கொண்டுவரும், மூட்டுகளை நோகவைக்கும், கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கும். முதுகில் கை வைத்தால் உறுமியது நோவினால். குந்தில் ஏறத் தயங்கியதும் அதனால்தான்.

மருந்து டொக்ஸிசைக்கிளின், 28 நாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து வேறு. குளிசையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, தொண்டையைப் புண்ணாக்கும். பாலோடும் வேண்டாம் என்றார்கள். சோற்று உருண்டைக்குள் மீன் துண்டோடு வைத்தால் பிறவுணி கேள்வி கேட்காமல் விழுங்கியது. இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டு, தானாக எழும்பிச் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தது. அதைப் பார்த்து மருந்தை நிறுத்த வேண்டாம், 28 நாளும் கொடுத்து முடியுங்கள் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். மனிதருக்கு வைத்திருக்கும் காய்ச்சல், நோவுக் குளிசைகளை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம் என்றும் சொன்னார். சில குளிசைகள் குடலில் இரத்தக் கசிவு உண்டாக்குமாம்.

உண்ணி பிடிப்பதுதான் பெரிய வேலை. நாயில் இருப்பதை மட்டும் எடுத்துப் பயனில்லை. சுவர் வெடிப்புகளிலும் தாங்கிக்குக் கீழுள்ள கல் இடுக்குகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். பிறவுணி படுத்த சாக்கை எரித்தோம், வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தோம். உண்ணியைத் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் பூசச் சொல்லி நாலுபேர் சொன்னார்கள். அது தோலை எரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். நாய்க்கென்று உள்ள மருந்தைத்தான் பூசினோம்.

வலது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. இடது கண்ணில் படலம் கொஞ்சம் மிச்சம். ஆகவே அந்தப் பக்கத்தால் யார் போனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பிளேட்லெட் ஏறியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு தரம் வவுனியா போக வேண்டும். தங்கச்சியின் மகனும் வருகிறானாம்.