ஹீப்ருவில் ‘படு’ கிடையாது

ஹீப்ரு படிக்கத் தொடங்கிய புதிதில், செயப்பாட்டுவினை என்றதும் நான் ஒரு ‘படு’வைத் தேடினேன். ‘எழுதப்பட்டது’ மாதிரி ஏதாவது ஒட்டும் என்று நினைப்பு. எதுவும் ஒட்டாது, வினையின் வார்ப்பே மாறிவிடும். அந்த வார்ப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பின்யான், அதாவது கட்டடம்.

எனக்கு வழி காட்டியது நம்முடைய ‘உடைத்தான், உடைந்தது’ ஜோடிதான். ஷவார் என்றால் உடைத்தான், நிஷ்பார் என்றால் உடைந்தது. முன்னால் ‘நி’ வரும் இந்த வார்ப்பு நிஃபால். இறந்தகால விகுதிகள் பழையவையே: நான் என்றால் நிஷ்பார்த்தி, பெண்பாலுக்கு நிஷ்பெரா, பன்மைக்கு நிஷ்பெரு. (பேச்சில் நிஷ்பார்த்தி என்றால் ‘போதுமடா சாமி’ என்று அர்த்தம். இலக்கணம் படிக்கும்போது அடிக்கடி உதவும்.) ஆனால் ‘நி’யைக் கண்டதும் செயப்பாட்டுவினை என்று முடிவுகட்டாதீர்கள். நிஹ்னாஸ் என்றால் வெறுமனே ‘உள்ளே நுழைந்தான்’.

செயப்பாட்டுவினைக்கான மற்ற இரண்டு வார்ப்புகள் சுலபம். சிப்பேர் (சொன்னான்) சுப்பார் ஆகும், ஹிஸ்மின் (அழைத்தான்) ஹுஸ்மான் ஆகும். முதல் ‘இ’ போய் ‘உ’ வரும், அடுத்த உயிர் ‘அ’ ஆகும், அவ்வளவுதான்.

சிக்கல் தேர்வுத்தாளில்தான் (நான் எழுதியது யாஏல் என்ற ஹீப்ரு மொழித்தேர்வு). அங்கே உயிர்க்குறிகள் இருக்காது. அதனால் முதலில் ‘உ’, ‘ஓ’ ஒலிகளைக் காட்டும் வாவ் எழுத்தைத் தேடுங்கள். சிப்பேரில் ‘இ’யைக் காட்டும் யோத் எழுத்து இருந்த இடத்தில் சுப்பாருக்கு வாவ் வரும், ஹுஸ்மானில் ‘ஹே’க்குப் பிறகு வாவ் வரும். ஒரு மாதிரித் தேர்வில் இதே சுப்பாரை நான் சோஃபேர் என்று படித்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள், ஆனால் சோஃபேர் என்றால் எழுத்தாளர். முழு வாக்கியமும் குட்டிச்சுவர். இன்னொரு பொறி: நிஷ்பார் நிகழ்காலத்திலும் அதே ஒலிதான். எத்மோல் (நேற்று) மாதிரி காலச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்பாலில் குழப்பமில்லை, நிகழ்காலம் நிஷ்பெரெத்.

‘ஆல்’ உருபுக்கு அங்கே அல் யெதேய், ஏறக்குறைய ‘கைகளால்’. பெயருக்கு முன்னால் வரும்.

பேச்சில் இதெல்லாம் குறைவு. சைக்கிள் திருட்டுப்போனால் ‘கான்வு லி’ என்பார்கள், நாம் ‘திருடிட்டாங்க’ என்பதுபோலவே. பயிற்சிக்குச் செய்திகளே நல்லது. ஹுஹ்லாத் (தீர்மானிக்கப்பட்டது) போன்றவை அங்கே அடிக்கடி வரும். நான் தினமும் ஒரு செய்தியை எடுத்து, அதிலுள்ள செயப்பாட்டுவினைகளையெல்லாம் செய்வினையாக்கி எழுதிப் பார்த்தேன். யாஏல் தேர்வில் வாக்கியத்தை வேறு சொற்களில் சொல்லும் பகுதிக்கு அதுவே கைகொடுத்தது.