எடை எங்கே போனது? ஒரு வேக ஷூவின் மழைக்கால நாட்குறிப்பு

2024 அக்டோபர் 6, ஞாயிறு

வேக ஓட்டத்துக்கான எடை குறைந்த ஷூ. ஒரே மாடல், நான்கு பேருக்கு நான்கு ஜோடி, நான்கு அளவு. பெட்டியைப் பிரித்ததும் சமையலறைத் தராசில் ஏற்றியாயிற்று. யூகே 8: இடது 204 கிராம், வலது 207. இந்த இரண்டு மூன்று கிராம் பேதம் சகஜம். பசை கொஞ்சம் கூடக்குறைய விழுந்திருக்கும். யூகே 10: 231. விளம்பரத்தில் போடுகிற எடை ஏதாவது ஒரு அளவுக்கு மட்டும் உரியது. பெரிய கால்காரர்கள் அந்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

தினசரி ஓட்டத்துக்கான ஷூ பெரும்பாலும் 260 முதல் 300 கிராம் இருக்கும். அப்படியென்றால் காலுக்கு ஏறக்குறைய 60 கிராமோ அதற்கு மேலோ எங்கோ கழிந்திருக்கிறது. எங்கே என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பின்னால் தொல்லை கொடுக்கப் போவதும் அந்த இடம்தான்.

நாக்கு: பஞ்சே இல்லை, தடித்த துணி அவ்வளவுதான். பக்கவாட்டில் தைக்கவும் இல்லை, ஆக நகரும். குதிகால் கிண்ணம்: விரலால் அமுக்கினால் மடங்குகிறது. கழுத்துப் பட்டை (கணுக்காலைச் சுற்றும் ஓரம்): உள்பஞ்சு பாதிதான். அடிப்பாகம்: ரப்பர் முன்பாதத்திலும் குதிகாலின் வெளி ஓரத்திலும் மட்டும், நடுவில் நுரை தரையைத் தொடுகிறது. மேல்துணி: ஒற்றை அடுக்கு மெஷ் (வலைத்துணி), வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது. நுரையில் கை வைத்ததாகத் தெரியவில்லை. குதிகாலில் 33 மி.மீ., முன்பாதத்தில் 26. நல்ல முடிவு. நுரையைக் குறைத்து எடையை இறக்கியிருந்தால் 10 கி.மீ.க்கு மேல் போட்டு ஓட முடியாது.

அக்டோபர் 9, புதன்

அளவு பார்த்த நாள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் பார்த்தோம். நாள் முழுக்க நின்ற பாதம் வீங்கியிருக்கும், ஓட்டத்தில் வீங்குவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். காலையில் கச்சிதமாக இருக்கிற ஷூ 12-வது கி.மீ.யில் கடிக்கும்.

யூகே எண்ணையும் யூஎஸ் எண்ணையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேரின் காசு போகிறது. ஆண்கள் அளவில் ஒரு பிராண்டில் இரண்டுக்கும் அரை எண் பேதம், இன்னொன்றில் ஒரு எண். பெண்கள் அளவில் இதைவிட அதிகம். நாக்கின் உள்புறச் சீட்டில் சென்டிமீட்டரிலோ மில்லிமீட்டரிலோ நீளம் போட்டிருக்கும். பழைய ஷூவின் சீட்டோடு அதை ஒப்பிடுவதே பாதுகாப்பு.

நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நீளமான விரல் சிலருக்கு இரண்டாவது விரல். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். வேக ஷூக்களின் அச்சு, அதாவது பாத வடிவம், முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால், அகலப் பாதக்காரர்கள் அரை எண் கூட்டி வாங்குவார்கள். நீளத்தைக் கூட்டினால் அகலம் சொற்பமாகத்தான் கூடும்; குதிகால் வேறு கழன்று வரத் தொடங்கும். அகல அச்சு கிடைக்காத மாடலை விட்டுவிடுவதே மேல்.

குதிகால் எழும்பினால் மேலே உபயோகிக்காமல் விட்டிருக்கும் கடைசி ஓட்டையைப் பயன்படுத்தலாம். லேஸை வெளியிலிருந்து உள்ளே அதே பக்க ஓட்டைக்குள் விட்டு இரண்டு பக்கமும் சின்ன வளையம் வைக்க வேண்டும். இடது நுனியை வலது வளையத்திலும் வலது நுனியை இடது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்த பிறகுதான் முடிச்சு. மேல்நோக்கி இழுத்தால் வளையம் இறுகாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

பஞ்சில்லாத நாக்கில் லேஸ் புறங்காலை அழுத்தும், விரல்கள் மரத்துப்போகும். அழுத்துகிற இடத்தில் மட்டும் குறுக்காகக் கட்டாமல், லேஸை அந்தந்தப் பக்கத்திலேயே நேராக அடுத்த ஓட்டைக்கு ஏற்றிவிட்டால் அந்த இடம் ஜன்னல் மாதிரி திறந்து நிற்கும்.

அக்டோபர் 14, திங்கள்

எடை குறைந்தால் நேரம் எவ்வளவு மிச்சம்? இதற்கு உருப்படியான பதில் 2016-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஓட்டக்காரர்களுக்குச் சொல்லாமல் ஷூ நாக்குக்குள் ஈயக் குண்டுகளை மறைத்துவைத்து 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். காலுக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதமும், ஓட்ட நேரம் சுமார் 0.8 சதவீதமும் கூடின. இதை அப்படியே நீட்டிக் கணக்குப் போட்டால், 60 கிராம் குறைவுக்கு 4 மணி நேர மாரத்தானில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவே. விற்பனையாளர் சொல்வதைவிடக் கம்மி. ஆனாலும் சும்மா கிடைக்கிற நிமிடம்.

நுரையின் பங்கு இதைவிடப் பெரிது. 2018-ல் அதே வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வில், பீபா (PEBA) என்ற லேசான நுரையும் கார்பன் தகடும் கொண்ட நைக்கியின் முன்மாதிரி ஷூ, அன்றைய நல்ல பந்தய ஷூக்களைவிட ஆற்றல் செலவைச் சராசரியாக 4 சதவீதம் குறைத்தது. அமுக்கச் செலவான ஆற்றலில் திரும்பக் கிடைத்தது அந்த நுரையில் 87 சதவீதம். ஒப்பிட்ட பழைய நுரைகளில் 76-ம் 66-ம். அந்த ஆய்வில் ஓடியவை வேகமானவர்களின் கால்கள் என்பதை மறக்கக் கூடாது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் தகட்டு ஷூவின் பலன் சுருங்கிவிடுகிறது, சிலருக்கு நஷ்டமாகவே போகிறது என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. நம் நான்கு ஜோடியில் தகடு கிடையாது. கி.மீ.க்கு ஐந்தரை, ஆறு நிமிடத்தில் ஓடுகிறவருக்கு அது குறையே இல்லை.

எடைக் குறைப்பின் எல்லையைப் பார்க்க 2023 பெர்லின் மாரத்தான் போதும். எத்தியோப்பிய ஓட்டக்காரர் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53-ல் பெண்கள் உலக சாதனை படைத்தபோது அணிந்த அடிடாஸ் அடியோஸ் ப்ரோ ஈவோ 1-ன் எடை 138 கிராம், விலை 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் பழக்கிக்கொள்ளும் ஓட்டத்துக்கும்தான் என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். அங்கே எடையோடு ஆயுளும் கழிந்துவிட்டது.

அக்டோபர் 17, வியாழன்

மழை. ஷூக்கள் ஊறின. யூகே 8 ஜோடியில் ஒவ்வொன்றும் 50 கிராமுக்கு மேல் கூடிவிட்டது. காசு கொடுத்துக் குறைத்த எடை கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வந்தாயிற்று. நுரை தண்ணீர் குடிப்பதில்லை. குடிப்பது இன்சோல், உள்துணி, கழுத்துப் பட்டைப் பஞ்சு. சென்னையில் இதற்கு மழையே வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஓடினால் காலில் வழிகிற வியர்வை போதும், 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கத் தொடங்கும். மெல்லிய மெஷ் இங்கே உண்மையிலேயே லாபம், உள்ளே போனது வெளியேயும் போகிறது. பருத்தி சாக்ஸ் போட்டால் அந்த லாபமும் போய்விடும்.

காயவைக்கும் முறை: லேஸைத் தளர்த்தி, இன்சோலை உருவி எடுத்து (சில மாடல்களில் ஒட்டியிருக்கும், பிய்க்க வேண்டாம்), செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்ற வேண்டும், பிறகு ஃபேன் காற்று. தாளை ராத்திரி முழுக்க மாற்றாமல் விட்டால் உறிஞ்சிய ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்து நாற்றமெடுக்கும். மொட்டைமாடி வெயில், ஹேர் டிரையர், வாஷிங் மெஷின் மூன்றும் கூடாது. பசை இளகும், நுரை சுருங்கும்.

வழுக்கல்: நடுவில் ரப்பர் இல்லாத ஷூ ஈரத் தார்ச்சாலையில் பரவாயில்லை. சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, நடைபாதை டைல்ஸ் இவைதான் ஆபத்து. காமராஜர் சாலையில் திருப்பத்தில் கோட்டின் மேல் கால் வைக்காமல் திரும்புவதைப் பழக்கமாக்க வேண்டும்.

நவம்பர் 1, வெள்ளி

இன்று முதல் உலகத் தடகள அமைப்பின் விதிப்படி டிராக் ஓட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்பாகத் தடிமன் 20 மி.மீ.க்கு மேல் கூடாது. சாலைக்கு 40 மி.மீ., உள்ளே ஒரு தகடு வரை. நம் 33 மி.மீ. ஷூ சாலைக்குச் சட்டப்படி சரி, டிராக் போட்டிக்குச் செல்லாது. டிராக்கில் பயிற்சிக்குப் போடலாம்.

தீபாவளிக்கு மறுநாள் என்பதால் சாலை முழுக்க வெடித்தாள். ஈரத்தில் அது வாழைப்பழத் தோல்தான். இன்று மெதுவாக மட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

நாலு பேரில் மூன்று பேருக்குக் கெண்டைக்கால் இறுக்கம். காரணம் தெரிந்ததுதான்: பழைய ஷூவில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 10 மி.மீ., இதில் 7. அதோடு வேக ஷூ போட்டதும் எல்லாரும் வேகமாக ஓடிவிடுகிறார்கள். இரண்டு சுமையும் ஒரே தசையில் விழுகிறது.

பழக்கும் வரிசை இப்படி இருந்திருக்க வேண்டும். முதல் வாரம்: சாதாரண ஓட்டத்தின் முடிவில் ஷூ மாற்றி, 20 நொடி விரைவோட்டம் ஆறு, இடையில் ஒரு நிமிடம் நடை. இரண்டாம் வாரம்: 400 மீட்டர் ஆறு முறை. மூன்றாம் வாரம்: 5 கி.மீ. டெம்போ (சீரான வேக ஓட்டம்). நான்காம் வாரம்: லாங் ரன்னின் கடைசி 8 கி.மீ. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இந்த ஷூ வேண்டாம், ஈஸி ரன்னுக்கு வேண்டவே வேண்டாம். மெதுவாக ஓடுகையில் குதிகால் ஊன்றும் நேரம் கூடும். மடங்குகிற கிண்ணம் அப்போது பாதத்தைப் பிடிக்காது.

கெண்டைக்கால் இறுக்கம் இரண்டு நாளில் போய்விடும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கு மேலே குத்தினால் அது தசைநாண். வேக ஓட்டத்தை நிறுத்த வேண்டும். புறங்காலில் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால் எலும்புக் காயமாக இருக்கலாம். ஓடக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தேங்கிய நீரில் ஓட்டம் கிடையாது. பள்ளமும் தெரியாது, சாக்கடை எது என்றும் தெரியாது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஜோடிக்கு 160 முதல் 190 கி.மீ. ஆகிவிட்டது. மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் யூகே 10 ஜோடியின் வலது ஷூ வெளிப்பக்கம் சாய்கிறது. எப்போதும் சாலையின் ஒரே ஓரத்தில் ஓடுகிறவருடையது அது. ஓரச் சரிவு ஒரு காலை மட்டும் தேய்க்கும். போகும்போது ஒரு ஓரம், வரும்போது மற்ற ஓரம் என்பது சாலை காலியாக இருக்கும் விடியலில் மட்டும் சாத்தியம்.

நடுவில் வெளித்தெரியும் நுரையில் சின்னச் சின்னக் கீறல்கள். அது கவலையில்லை. ரப்பர் தீர்ந்து நுரை தெரிந்தாலோ, பக்கவாட்டுச் சுருக்கம் ஷூவைக் கழற்றிய பிறகும் விரியாமல் நின்றாலோதான் முடிவு. இந்த ரகத்தில் 300 முதல் 500 கி.மீ. எதிர்பார்க்கலாம், கனமானவர்களுக்கு முன்னதாகவே வரும். மெஷ் கிழிவது சுண்டுவிரல் மடங்கும் இடத்தில். உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டினால் இன்னும் ஐம்பது கி.மீ. ஓடும்.

2025 ஜனவரி 2, வியாழன்

மாரத்தான் வாரம். எந்த ஷூ என்பதற்கு எளிய சோதனை: இதே ஜோடியில், போட்டி வேகத்தில் 16 கி.மீ.யாவது கொப்புளமின்றி ஓடியாயிற்றா? இருவருக்கு ஆம். ஒருவர் அரை மாரத்தானுக்கு மட்டும் போடலாம். யூகே 10 ஜோடிக்காரருக்குச் சாய்ந்த ஷூ வேண்டாம், தினசரி ஷூவே போதும்; அவர் இழப்பது ஒரு நிமிடம்.

சாக்ஸ் பழையதாக, துவைத்ததாக இருக்கட்டும். குதிகால் ஓரத்திலும் விரலிடுக்கிலும் வாசலின். லேஸ் முடிச்சை இரட்டையாகப் போட்டு, நுனிகளைக் கீழ் லேஸ்களுக்கு அடியில் செருக வேண்டும். தண்ணீர் மேஜை அருகே தலையில் ஊற்றிக்கொள்கிறவர்கள் முன்னால் குனிந்து ஊற்றிக்கொண்டால் ஷூ நனையாது.