அழிந்த எழுத்துகளும் ஓர் ஈட்டிக்காரியும்: இரண்டு மாத வாசிப்புப் பதிவு

ஜப்பானியப் படக்கதையான மாங்காவை வலமிருந்து இடமாகப் படிப்பதற்குக் கண் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிதானமாகப் படிக்கப் பழகுவதற்குத்தான் இரண்டு மாதங்கள் ஆயின. யோஷிதோகி ஓய்மா 2013, 2014 ஆண்டுகளில் தொடராக எழுதி வரைந்த ‘கோயே நோ கதாச்சி’ ஏழு தொகுதிகள் கொண்டது. ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் மூன்றை இரண்டே இரவுகளில் முடித்த பிறகே, உரையாடலை மட்டும் படித்துக்கொண்டு படங்களைத் தாண்டி வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

காது கேளாத ஷோகோவை ஆறாம் வகுப்பில் வாட்டி வதைத்த ஷோயா, பின்னர் அதே வகுப்பாரால் ஒதுக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்துக் குற்றவுணர்வோடு அவளைத் தேடிச் செல்கிறான். யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியாத அவன் கண்ணுக்கு, சுற்றியுள்ளவர்களின் முகங்களில் பெரிய பெருக்கல் குறிகள் தெரிகின்றன; ஒருவர் அவனுக்கு நண்பராகும்போது அந்தக் குறி முகத்திலிருந்து உரிந்து விழுகிறது. முதல் வாசிப்பில் இதை வெறும் உத்தி என்று நினைத்துக் கடந்திருந்தேன். இம்முறை, யார் முகத்தில் குறி எப்போது உதிர்கிறது, எப்போது திரும்பவும் ஒட்டிக்கொள்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தபோது, அவன் வாய்திறந்து சொல்லாதவை எல்லாம் அங்கேயே இருந்தன.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது 51ஆம் அத்தியாயம். அது ஷோகோவின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவதால், பேச்சுக் குமிழிகளில் எழுத்துகள் பாதி அழிந்து கிடக்கின்றன. மிச்சமிருக்கும் கோடுகளைக் கொண்டு சொல்லை ஊகிக்க முயன்று, பல இடங்களில் தோற்று, கடைசியில் பேசுபவரின் முகத்தையே பார்க்கத் தொடங்கினேன். அவள் நாள்தோறும் செய்வது அதுதான் அல்லவா! ஆனால், அதுவரை அவளைப் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பவளாகவே நிறுத்தி வைத்திருந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இந்த அத்தியாயம் இன்னும் முன்னதாக வந்திருக்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து திரைப்படம் எடுக்கும் பகுதியும் தேவைக்கு மேல் நீள்கிறது.

அடுத்து எடுத்தது நஹோகோ உஎஹாஷியின் ‘செய்ரெய் நோ மொரிபிதோ’, 1996இல் வெளிவந்த நாவல். இளையோருக்கான கதையில் முப்பது வயதுப் பெண்ணை நாயகியாக்கும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. நீர்த்தெய்வத்தின் முட்டையை உடலில் சுமக்கும் இளவரசன் சக்குமை, ஈட்டி வீரரான பால்சா கொலையாளிகளிடமிருந்து காக்கிறாள். நாட்டை நிறுவிய அரசனைப் பற்றி அரண்மனை வரலாறு ஒன்று சொல்ல, யாக்கூ என்னும் பழங்குடியினரின் கதைகள் வேறொன்று சொல்கின்றன. அவர்களும் பெரும்பகுதியை மறந்துவிட்டதால், விழாப் பாட்டில் ஒட்டியிருக்கும் துணுக்குகளிலிருந்து உண்மையைத் திரட்ட வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பண்பாட்டு மானிடவியல் ஆய்வாளர் என்பதால் இந்த இழை இவ்வளவு உறுதியாக அமைந்திருக்கிறது என்பது என் எண்ணம். அழிந்த எழுத்துகளுக்குப் பழகிய கண்ணோடு படித்ததால், அந்தப் பாட்டு வந்த இடத்தில் நானாகவே வேகம் குறைத்தேன்.

பால்சா தன் பிறந்த மண்ணான கன்பலுக்குத் திரும்பிச் செல்லும் இரண்டாம் பாகத்தை நேற்றிரவு தொடங்கியிருக்கிறேன்; நாளொன்றுக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.