சித்தப்பாவின் ஸ்டுடியோவும் மூன்று கேமராக்களும்

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த என் சித்தப்பா, ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால் புனலூரில் நடக்கும் கல்யாணங்களுக்கும் படமெடுக்கச் செல்வார். 36 படங்கள் கொண்ட பிலிம் சுருளை அவர் எண்ணி எண்ணிச் செலவழித்ததைப் பார்த்தே நான் வளர்ந்தேன்.

1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படமொன்றைக் கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. 1999இல் வந்த நிக்கான் டி1, 2.7 மெகாபிக்சல் மட்டுமே கொண்டிருந்தாலும், பத்திரிகைப் படக்காரர்கள் பலரைப் பிலிமை விட்டு வரச் செய்தது.

ஆயினும், என் கணிப்பில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது 2003இல் வெளியான கேனான் இஓஎஸ் 300டிதான். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய 6 மெகாபிக்சல் கேமரா, அமெரிக்காவில் 1,000 டாலருக்கும் குறைந்த விலைக்கு வந்துவிட்டதால், சிற்றூர் ஸ்டுடியோக்காரர்களும் அத்தகைய கேமராவை நினைத்துப் பார்க்க முடிந்தது. சித்தப்பா டிஜிட்டலுக்கு மாறிய பின் எடுத்த முதல் கல்யாணத்தில், தாலி கட்டிய நொடி சரியாக விழுந்திருக்கிறதா என்பதைப் பின்பக்கத் திரையில் உடனே பார்த்தார்; பிலிம் கழுவி வரும்வரை நாள்கணக்கில் கலங்கியிருந்த அந்த முகம் அங்கேயே தெளிந்ததை, பிளாஷ் விளக்கைப் பிடித்தபடி அருகில் நின்று நான் கண்டேன்.